கனம் பார்த்து வாங்கிய பவர் சப்ளை

தனியார் கடையில் வேலை பார்த்தவனுக்கு ஓய்வு வயது என்று ஒன்று கிடையாது. அரசாங்கத்தில் அதை நாள்காட்டி முடிவு செய்கிறது. என் விஷயத்தில் கழுத்து எலும்பு முடிவு செய்தது. இருபத்தாறு வருடம் கம்ப்யூட்டர் பெட்டிக்குள் தலையை விட்டுக் குனிந்திருந்ததற்கு, நாற்பத்தெட்டாம் வயதில் டாக்டர் கழுத்தில் ஒரு பட்டையை மாட்டி வீட்டுக்கு அனுப்பிவிட்டார். கடையில் பிரிவு உபசாரம் நடந்தது. சால்வை போர்த்தினார்கள். பட்டைக்கு மேல் சால்வை சரியாக உட்காரவில்லை. போட்டோவில் முடி வெட்டிக்கொள்ளக் காத்திருப்பவன் போல இருக்கிறேன்.

இப்போது என் மேஜையில் உட்காரும் இருவர் போன வாரம் வீட்டுக்கு வந்தார்கள். "அண்ணா, சொந்தமா பார்ட்ஸ் தேடி சிஸ்டம் கட்டணும்னு நெறையப் பேரு வாராங்க. எதை வாங்கலாம், எதை வாங்கக் கூடாதுன்னு ஒரு பக்கம் எழுதிக் குடுங்க. பிரிண்ட் போட்டுச் செவுத்துல ஒட்டீர்றோம்" என்றார்கள்.

எழுத உட்கார்ந்தேன். எதை வாங்கலாம் என்பது அரைப் பக்கத்தில் முடிந்துவிட்டது. அதுவும் ஆறு மாதத்தில் பழசாகிவிடும். எதை வாங்கக் கூடாது என்று ஆரம்பித்ததும் முதல் வரியிலேயே நான் வாங்கிய பன்னிரண்டு பவர் சப்ளைகள், பெட்டிக்குள் மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் டப்பாக்கள், வந்து வரிசையாக நின்றுகொண்டன. அவற்றைத் தாண்டி அடுத்த வரிக்குப் போக முடியவில்லை. ஆகவே அதையே எழுதிவிடுகிறேன். சுவரில் இடம் போதாவிட்டால் அவர்கள் பாடு.

தொழில் கற்றுக்கொண்ட கதை சின்னது. ஐ.டி.ஐ.யில் ரேடியோ, டி.வி. பழுது பார்க்கப் படித்தேன். நான் படித்து முடிப்பதற்கும் மக்கள் ரேடியோவைப் பரணில் போடுவதற்கும் சரியாக இருந்தது. சேந்தமங்கலத்தில் புதிதாகத் திறந்திருந்த கம்ப்யூட்டர் கடையில் சேர்ந்தேன். முதல் வருடத்தில் இரண்டு மதர்போர்டுகளை எரித்தேன். ஒரு பிராசஸரின் கால்களை வளைத்தேன். அதன் பிறகு எரித்தவை எல்லாம் அனுபவக் கணக்கில் சேர்ந்துவிட்டன. அந்தக் காலத்தில் ஒரு மெஷினில் சாஃப்ட்வேர் ஏற்ற அரை நாள் ஆகும். அந்த நேரத்தில் நூலகப் புத்தகம் படிப்பேன். தடிமனான ரஷ்ய நாவல்கள், சித்தர் பாடல்கள், தர்க்க நூல், கிடைத்ததெல்லாம். மெதுவான கம்ப்யூட்டர்கள் என் வாசிப்புக்குச் செய்த தொண்டு பெரிது. எஸ்.எஸ்.டி. என்கிற வேகமான டிஸ்க் வந்த பிறகு என் இலக்கிய அறிவு அப்படியே நின்றுவிட்டது.

கடை முதலாளி பெரியசாமி. கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தராக இருந்து, அந்த வேலையை விட்டுவிட்டு வந்தவர். வேட்டி கட்டிக்கொண்டு ஸ்க்ரூ டிரைவர் பிடிக்கும் மனிதரை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை. வாடிக்கையாளர் வந்ததும், என்ன பட்ஜெட் என்று கேட்க மாட்டார். மூன்று கேள்விகள் கேட்பார்.

"என்ன வேலைக்குங்க? எந்த ஊருல, எந்த ஊட்ல வெக்கப்போறீங்க? யாரு ஒக்காரப்போறாங்க?"

முதல் கேள்வி எல்லாக் கடைகளிலும் கேட்பதுதான். மற்ற இரண்டும் எனக்கு ரொம்ப நாள் விளங்கவில்லை. கல்யாணத்துக்குப் பெண் கேட்டு வந்தவரை விசாரிப்பது போல இருக்கும். பதில் வந்ததும் பாகங்களை ஒவ்வொன்றாக எடுத்து, வாங்குபவர் கையிலேயே கொடுத்துவிடுவார். "இது பிராசஸர். இதுல கொஞ்சம் கொறச்சுக்கலாம், தப்பில்லீங்க. இது மெமரி, இதுல கொறைக்க வேணாம். இந்த அட்டையில இன்னொரு மெமரி சொருக எடம் காலியா இருக்குது பாருங்க, நாளைக்கு ஆகும்." கண்ணாடி போட்ட பெட்டி, உள்ளே விளக்கு எரியும் விசிறி இதையெல்லாம் யாராவது கேட்டால், "வெளிச்சம் வேணும்னா டியூப் லைட் வாங்கிக்குங்க" என்பார்.

கட்டுவதற்கும் அவரிடம் ஒரு முறை இருந்தது. மேஜையில் வெள்ளைத் துண்டை விரிக்க வேண்டும். பெட்டியின் தகரத்தை ஒருமுறை தொட்டுவிட்டுத்தான் போர்டைத் தொட வேண்டும். உடம்பில் இருக்கும் மின்சாரம் இறங்கிவிடும். போர்டை நேராகப் பெட்டிக்குள் வைக்கக் கூடாது. அது வந்த அட்டைப் பெட்டியின் மேலேயே வைத்து, பிராசஸரின் மூலை முக்கோணத்தைப் பார்த்து இறக்கி, மெமரியை இரண்டு பக்கமும் 'டக்'கென்று சத்தம் வரும்வரை அழுத்தி, வெளியிலேயே ஒருமுறை உயிர் கொடுத்துப் பார்க்க வேண்டும். திரையில் எழுத்து வந்தால்தான் உள்ளே. பிராசஸருக்கும் அதன் விசிறிக்கும் நடுவில் தடவும் பசை ஒரு மிளகு அளவு. நான் ஒரு நாள் தாராளமாக, தோசைக்குச் சட்னி போல வைத்துவிட்டேன்.

அவர் திட்டவில்லை. அவர் யாரையும் திட்டி நான் பார்த்ததில்லை. நான் கட்டி முடித்து மூடி வைத்திருந்த மெஷினைத் தன் பக்கம் இழுத்தார். ஒவ்வொரு திருகாணியாகக் கழற்றி ஒரு எவர்சில்வர் தட்டில் போட்டார். எல்லாம் கழன்றதும் தட்டை என் முன்னால் நகர்த்தி வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். அந்தத் தட்டில் விழும் திருகாணிச் சத்தம் இருக்கிறதே, அதற்கு நாலு கெட்ட வார்த்தை தேவலை.

அவர் எப்போதோ ஒருமுறை பவர் சப்ளையைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னார்: "நல்ல சப்ளை கனமாத்தான் இருக்கும் மணி. உள்ள செம்பு, இரும்பு எல்லாம் சரியா வெச்சிருப்பான்."

உண்மைதான். நான் அதைக் கொஞ்சம் திருப்பிப் போட்டு மனதில் வைத்துக்கொண்டேன்: கனமாக இருந்தால் நல்ல சப்ளை. தர்க்க நூலில் இந்தப் பிழைக்கு ஒரு தனி அத்தியாயமே உண்டு. அந்த அத்தியாயத்தை நான் இரண்டு தடவை படித்திருந்தேன். படித்தது தலையில் இருந்தது, வாங்கியது கை.

ஆறேழு வருடத்துக்கு முன்னால், முதலாளிக்குக் கண் ஆபரேஷன். முதல் தடவையாகச் சரக்கு எடுக்க நகரத்துக்கு என்னை அனுப்பினார். மொத்தக் கடையில் நான் நடந்துகொண்ட விதத்தை இப்போது நினைத்தாலும் கூசுகிறது. வரிசையாகப் பவர் சப்ளைகளை எடுத்து, உள்ளங்கையில் வைத்து, கண்ணை லேசாக மூடி எடை பார்த்தேன். கடைக்காரன் கவனித்துக்கொண்டே இருந்தான். "அண்ணன் விஷயம் தெரிஞ்சவரு" என்று சொல்லி, உள்ளேயிருந்து வேறு ஒரு பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்தான். நல்ல கனம். பன்னிரண்டு எடுத்தேன். பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தபோது தொடை மரத்துப்போனது. அதையும் தரத்தின் அடையாளமாகவே எடுத்துக்கொண்டேன்.

அந்தச் சரக்கு வந்து இரண்டாவது வாரம் பாவாயி கடைக்கு வந்தார்.

அவருக்குக் கொல்லிமலையில் குண்டூர் நாடு என்கிற பகுதியில் ஒரு சிற்றூர். நாற்பது வயது. மிளகும் மரவள்ளியும் போட்டிருக்கிற குடும்பம். பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டு, மலையிலேயே சோளக்காடு என்ற ஊரில் வேறொருவர் நடத்திய இ-சேவை மையத்தில் எட்டு வருடம் டைப் அடித்துக்கொண்டிருந்தவர். இப்போது தன் ஊரிலேயே சொந்தமாக ஒரு மையம் வைக்க விண்ணப்பித்திருந்தார். சாதிச் சான்றிதழுக்கும் முதியோர் பென்ஷனுக்கும் அந்தப் பக்கத்து ஜனங்கள் ஒரு நாள் வேலையைக் கெடுத்துக்கொண்டு பஸ் ஏற வேண்டியிருந்தது. அந்த வட்டாரத்துக்கு ஒரு மையம்தான் கொடுப்பார்களாம். பக்கத்து ஊரில் இன்னொருவரும் கேட்டிருந்தார். அடுத்த வாரத்துக்கு அடுத்த திங்கட்கிழமை அதிகாரி நேரில் வந்து பார்ப்பார். மெஷின், பிரிண்டர், ரேகை வைக்கும் கருவி எல்லாம் அன்று ஓட வேண்டும். ஓடாவிட்டால் அனுமதி பக்கத்து ஊருக்கு.

இதையெல்லாம் முதலாளியின் மூன்று கேள்விகளுக்குப் பதிலாகச் சொன்னார். கண்ணில் கறுப்புக் கண்ணாடியோடு உட்கார்ந்திருந்த முதலாளி, பாகங்களை ஒவ்வொன்றாக அவர் கையில் கொடுக்கச் சொன்னார். பாவாயி ஒவ்வொன்றையும் திருப்பிப் பார்த்தார்.

"ஏனுங்கண்ணா, இந்த மெமரி ஒண்ணு போதுங்களா? ரேசன் கார்டு பக்கமும் பட்டா பக்கமும் ஒண்ணா தொறந்து வெச்சா சோளக்காட்டு மெஷின் மூச்சு வாங்குமுங்க."

"ரெண்டு போட்டுக்கலாம் அம்மணி."

"அப்ப பெட்டி சாதாரணமா இருக்கட்டுங்க. யூ.பி.எஸ். அடுத்த மாசம் வாங்கிக்கறேன்."

பவர் சப்ளைக்கு வந்ததும் நான் என் வித்தையைக் காட்டினேன். ஒன்றை எடுத்து அவர் கையில் வைத்து, "கனத்தைப் பாருங்க. இதான் மெஷினுக்கு இருதயம். இதுல மட்டும் ஏமாறக் கூடாதுங்க அம்மணி" என்றேன். அவர் கையில் வைத்துக் கொஞ்சம் ஆட்டிப் பார்த்தார். நான் அதை மரியாதை என்று நினைத்துக்கொண்டேன்.

முறைப்படி துண்டு விரித்துக் கட்டினேன். ஒரு இரவு முழுக்க ஓடவிட்டுச் சோதித்தோம்; கடையின் பெரிய யூ.பி.எஸ். லைனில், சொட்டு ஏற்ற இறக்கம் இல்லாத மின்சாரத்தில். மெஷின் வெண்ணெய் போல ஓடியது. பழைய போர்வையைச் சுற்றி பஸ்ஸில் மேலே அனுப்பி வைத்தோம்.

மூன்றாம் நாள் போன் வந்தது. "ஏனுங்கண்ணா, மெஷின் தானா நின்னு நின்னு எந்திரிக்குதுங்க."

புதன்கிழமை போனேன். எழுபது கொண்டை ஊசி வளைவுகள். வளைவு எண்ணிக்கொண்டே போனால் வாந்தி வராது என்று யாரோ சொல்லியிருந்தார்கள். எண்ணினேன். எழுபது வரை எண்ணத் தெரியும் என்பதைத் தவிர வேறு பயன் இல்லை. பாவாயி வீட்டின் முன்னறையில் மேஜை போட்டு, மெஷினுக்குத் துணி உறை தைத்துப் போட்டு வைத்திருந்தார். போட்டேன், ஓடியது. ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்த்தேன், ஓடியது. தொழிலில் இதற்கென்று ஒரு பதில் இருக்கிறது. அதைச் சொன்னேன்.

"மெஷின்ல ஒண்ணுமில்லீங்க. உங்க ஊட்டு வயரிங்தான் சரியில்ல."

"எதுத்த தோட்டத்துல மோட்டாரு போட்டா நிக்குதுங்கண்ணா. இப்ப அவரு சந்தைக்குப் போயிட்டாரு, அதான் ஓடுது."

"மோட்டாருக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லீங்க அம்மணி" என்றேன். பிளக் பாயின்ட்டில் ஒரு திருகாணியை இறுக்கிவிட்டு, வேலை செய்த திருப்தியோடு ஐந்து மணி பஸ்ஸைப் பிடித்தேன். கண் முன்னால் காரணத்தைச் சொன்ன ஒருவரிடம் காரணம் அதுவல்ல என்று சொல்ல ஒரு தனித் தகுதி வேண்டும். அனுபவம் அதைக் கொடுத்துவிடுகிறது.

சனிக்கிழமை காலையில் மறுபடியும் போன். குரலில் பதற்றம் இல்லை. அதுதான் பயமாக இருந்தது. "அண்ணா, நாளான்னிக்கு ஆபீசரு வாராருங்க. நீங்க ஒருக்கா வந்து, நான் சொல்றப்ப மெஷினைப் பாருங்க. வேற ஒண்ணும் பண்ண வேணாங்க."

போனேன். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. பாவாயி வாசலுக்குப் போய்க் குரல் கொடுத்தார். "மாமோவ்! மோட்டாரப் போடுங்க!"

எதிர்த் தோட்டத்துக்காரர் மிளகுக் கொடிகளுக்கு நடுவிலிருந்து, "போடறதா, நிறுத்தறதா? ஒண்ணு சொல்லுங்க! நாலு நாளா இதே வம்பாப் போச்சு!" என்று கத்தினார்.

"போடுங்க!"

மோட்டார் உறுமியது. தலைக்கு மேலே பல்பு ஒரு கண் சிமிட்டியது. மெஷின் செத்தது. பிறகு, ஒன்றுமே நடக்காதது போல மறுபடி எழுந்தது.

"நிறுத்துங்க மாமா!"

"ஆபீசரு வரும்போது இந்தப் பம்பு ஓடாதுன்னு நான் எழுதிக் குடுக்க முடியாது சாமி, சொல்லிப்புட்டேன்!"

நான் பெட்டியைத் திறந்தேன். திறந்துகொண்டே, நல்ல சப்ளையாக இருந்தால் இந்த மாதிரிச் சின்ன மின்சாரச் சறுக்கலைத் தாங்க வேண்டும், இதுவோ நல்ல சப்ளை, நானே கனம் பார்த்து வாங்கியது, ஆகவே கோளாறு போர்டில்தான் இருக்க வேண்டும் என்று பாவாயிக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். அவர் குறுக்கிட்டார்.

"அந்தக் கனமான டப்பாவை ஒருக்கா எங்கிட்ட குடுங்கண்ணா."

பிளக்கைப் பிடுங்கி, சப்ளையைக் கழற்றிக் கொடுத்தேன். அவர் அதை உள்ளங்கையில் வைத்தார். ஒரு பக்கம் சாய்த்தார். இன்னொரு பக்கம் சாய்த்தார். மிளகு மூட்டையில் கை விட்டுப் பார்க்கும் வியாபாரியின் முகம்.

"அன்னிக்கே நெனச்சேனுங்க. கடையில வெச்சு எப்படிச் சொல்றதுன்னு விட்டுட்டேன். கனம் பூராவும் அடிப்பக்கத்துலயே கெடக்குது. இரும்பும் செம்புமா உள்ள பரவலா இருந்தா இப்படி ஒரே மூலையில இழுக்காதுங்களே. நம்ம மொளகுல பப்பாளி வெதையக் கலக்கறானுங்க. எதுக்கு? உருவம் பாத்து வாங்கறாங்கன்னு தெரியும். கனம் பாத்து வாங்கற பொருள்ல கனத்தைத்தானுங்கண்ணா கலப்பாங்க."

பவர் சப்ளையை லேசில் திறக்கக் கூடாது. உள்ளே மின்சாரம் தங்கியிருக்கும். கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தோம். பிறகு நாலு திருகாணிகளைக் கழற்றி மூடியை எடுத்தேன். உள்ளே கம்பிகள் எல்லாம் நூல் தடிமன். இருக்க வேண்டிய பாதி உறுப்புகள் இல்லை; அவற்றுக்கான ஓட்டைகள் மட்டும் வரிசையாக இருந்தன. அடியில், கறுப்புப் பசை வைத்து ஒட்டியிருந்தது ஒரு செவ்வகம். ஸ்க்ரூ டிரைவரால் சுரண்டினேன். சாம்பல் நிறத்தில் உதிர்ந்தது.

"சிமெண்டுங்க" என்றார் பாவாயி. "நல்லா பூசியிருக்கான்."

அவர் சிரித்திருக்கலாம். நான் எதிர்பார்த்தேன். மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றார். "இன்னும் ஒரு நாளுதானுங்களே இருக்குது" என்றார். எட்டு வருடம் இன்னொருவர் நாற்காலியில் உட்கார்ந்து டைப் அடித்த ஒருவர் அதைச் சொன்ன விதத்துக்கு முன்னால் என்னுடைய நகைச்சுவை உணர்வு எதற்கும் உதவவில்லை.

மத்தியான பஸ்ஸில் கீழே வந்தேன். சிமெண்டுக் கட்டியோடு சப்ளையை முதலாளியின் மேஜையில் வைத்தேன். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, அதைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தார்.

"எத்தனை வாங்குனே?"

"பன்னெண்டுங்க."

"வெளிய போனது?"

"ஏழுங்க. இதோட சேத்து."

தலையாட்டினார். எழுந்து கடையின் பில் போடும் மெஷினுக்குப் போனார். பிளக்கைப் பிடுங்கினார். அதன் பக்கவாட்டுத் தகரத்தைக் கழற்றி, உள்ளேயிருந்த சப்ளையை எடுத்தார். எட்டு வருடம் ஓடிய சப்ளை. துண்டால் துடைத்தார். விசிறியில் இருந்த தூசியை வாயால் ஊதினார். ஆபரேஷன் ஆன கண்ணோடு ஊதக் கூடாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"இதைக் கொண்டு போயி மாட்டு. திங்கக்கிழமையும் நீ அங்கயே இரு. இங்க பில்லைக் கையில எழுதிக்கலாம்."

"மொதலாளி, மத்த ஆறு..."

"ஒவ்வொரு ஊடா நீயே போ. நல்லது ஆர்டர் போடறேன், வந்ததும் மாத்து. மெஷின்ல கோளாறுன்னு சொல்லாத. நான் தப்பா வாங்கிட்டேன்னு சொல்லு. அப்பத்தான் நமக்கு ஞாபகம் இருக்கும்."

'நமக்கு' என்றார். நான் இருபது வருடத்தில் கேட்ட வார்த்தைகளில் மிகவும் கனமானது அதுதான். அந்த ஆறு வீட்டையும் முடிக்க எனக்குப் பதினைந்து நாள் ஆயிற்று. மூன்று வீட்டில் திட்டினார்கள். இரண்டு வீட்டில் டீ கொடுத்துவிட்டுத் திட்டினார்கள். ஒரு வீட்டில், "பரவால்லீங்க, ஓடிட்டுத்தான இருக்குது, விடுங்க" என்றார்கள். அவர்களைச் சம்மதிக்க வைப்பதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குப் பாவாயி வீட்டில் இருந்தேன். சப்ளையை எடுத்து வெளியே வைத்தேன். ஸ்க்ரூ டிரைவரை எடுத்தேன். பாவாயி அதை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

"நீங்க கை வெக்க வேணாங்கண்ணா. நீங்க சொல்லுங்க, நான் பூட்டறேன்."

"சப்ளைய மட்டும் மாட்டுனாப் போதுமுங்க அம்மணி. அஞ்சு நிமிஷ வேலை."

"எல்லாத்தையும் கழட்டிட்டு முதல்ல இருந்து. இது மறுக்கா நின்னா நீங்க வந்து சேர ஒரு நாளாகுது. வந்து, வயரிங் சரியில்லன்னு சொல்ல இன்னொரு நாளு."

அதற்கு மேல் வாதாடவில்லை. அவரே ஒரு வெள்ளை வேட்டியை மடித்து மேஜையில் விரித்தார். எல்லாவற்றையும் கழற்றினார். கழற்றியதைக் கழற்றிய வரிசையிலேயே அடுக்கி வைத்தார். இதை நான் சொல்லவில்லை. பெட்டியைத் தொட்டுவிட்டுப் போர்டைத் தொடச் சொன்னேன், தொட்டார். பசை ஒரு மிளகு அளவு என்றேன்.

"பச்சை மொளகுங்களா, காஞ்ச மொளகுங்களா?"

இருபது வருடமாக அந்த அளவைச் சொல்லி வந்தவனுக்கு அந்தச் சந்தேகம் வந்ததே இல்லை. "காஞ்சது" என்று குத்துமதிப்பாகச் சொன்னேன்.

மெமரியை அழுத்தும்போது, உடைந்துவிடும் என்று எல்லோரும் பயப்படுவார்கள். அவர் இரண்டு கட்டைவிரலாலும் மரவள்ளிக் குச்சி நடுகிற மாதிரி அழுத்தினார். 'டக்', 'டக்'. போர்டை உள்ளே இறக்கி, பித்தளைக் கால்களில் ஆறு திருகாணிகளை முடுக்கினார். முன்பக்கத்துச் சின்ன ஒயர்களை, போர்டில் அச்சடித்த எழுத்துகளைப் படித்துப் படித்துச் சொருகினார். நான் பக்கத்தில் உட்கார்ந்து, பிரமாதம், பிரமாதம் என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

எல்லாம் முடிந்து நிமிர்ந்தபோது அவர் கையில் ஒரு தகரத் துண்டு இருந்தது. செவ்வகம், நிறைய ஓட்டைகள்.

"இந்தத் தகரம் எதுக்குங்கண்ணா?"

பெட்டியின் பின்பக்கம், ஒயர் சொருகும் வாய்களைச் சுற்றி மாட்ட வேண்டிய தகரம். போர்டை இறக்குவதற்கு முன்னால் முதலில் மாட்ட வேண்டியது. பிறகு மாட்டவே முடியாது. இந்தத் தொழிலில் இருக்கிற எல்லோரும் முதல் வருடத்தில் ஒருமுறை மறப்பார்கள். நான் இருபதாவது வருடத்தில் மறந்தேன்.

"அது இல்லாட்டியும் ஓடுமுங்க" என்றேன்.

பாவாயி என்னைப் பார்த்தார். ஸ்க்ரூ டிரைவரை எடுத்து ஆறு திருகாணிகளையும் ஒவ்வொன்றாகக் கழற்றினார். பக்கத்தில் வேறு ஒன்றும் இல்லாததால், அவற்றைச் சாப்பாட்டுத் தட்டில் போட்டார். அந்தச் சத்தம் மலையேறி வந்து என்னைக் கண்டுபிடித்துவிட்டது.

இரண்டாவது தடவை அவர் என்னைக் கேட்காமலே கட்டினார். மாலை மூன்று மணிக்கு முன்னால் மெஷினில் எழுத்து வந்தது. பிரிண்டர் ஓடியது. ரேகைக் கருவி அவருடைய கட்டைவிரலை ஏற்றுக்கொண்டது. என்னுடையதை ஏற்றுக்கொள்ளவில்லை, பசைக் குழாயைத் திறந்து கொடுத்த விரல்.

"மாமோவ்! மோட்டாரப் போடுங்க!"

மோட்டார் உறுமியது. பல்பு சிமிட்டியது. மெஷின் அசராமல் ஓடிக்கொண்டிருந்தது. ஏழு தடவை போட்டு நிறுத்தச் சொன்னார். எட்டாவது தடவை எதிர்த் தோட்டத்துக்காரர், "எம் மோட்டாரு செத்துரும் ஆத்தா, போதும்!" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

அன்று உறவுக்காரர் வீட்டில் தங்கினேன். திங்கட்கிழமை காலை பதினொரு மணிக்கு அதிகாரி ஜீப்பில் வந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். எழுபது வளைவுகளும் முகத்தில் தெரிந்தன. இறங்கியதும் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, கொஞ்ச நேரம் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் உள்ளே வந்தார். பாவாயி ஒரு விண்ணப்பத்தைத் திறந்து, ரேகை வைத்து, அச்செடுத்துக் காட்டினார். நடுவில், யாரும் சொல்லாமலே, எதிர்த் தோட்டத்தில் மோட்டார் ஓடியது. பல்பு மங்கியது. பாவாயியின் கை கீபோர்டின் மேல் ஒரு கணம் நின்றது. பக்கம் முழுசாக அச்சாகி வந்தது.

அதிகாரி காகிதத்தை வாங்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இதெல்லாம் எல்லா இடத்துலயும் முதல் நாள் ஓடுதும்மா. இந்த மலையில ரெண்டு சென்டர் மூடிக் கெடக்குது. மெஷின் நின்னுபோச்சு, கீழ இருந்து ஆள் வரலன்னு மாசக்கணக்கா சொல்றாங்க. பக்கத்து ஊர்லயும் இதையேதான் கேட்டேன். ஒரு நாள் இது நின்னா என்ன செய்வீங்க?"

இதற்குத்தான் நான் வந்திருந்தேன். சேந்தமங்கலத்தில் இருபது வருட அனுபவம் உள்ள எங்கள் கடை, ஒரு போன் செய்தால் மறுநாளே ஆள் என்று பஸ்ஸில் ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். தொண்டையைச் செருமினேன்.

பாவாயி அதற்குள் மெஷினை முறையாக நிறுத்தி, பிளக்கைப் பிடுங்கி, இரண்டு திருகாணிகளைக் கழற்றிப் பக்கத் தகரத்தை எடுத்துவிட்டிருந்தார். "இது சப்ளைங்க சார். கரண்டே வரலைன்னா மொதல்ல இதைப் பாக்கோணும். இது மெமரி. எழுத்து வரலைன்னா இதைக் கழட்டித் தொடச்சுச் சொருகோணும். இது டிஸ்க்கு. இது போச்சுன்னா பஸ்ல குடுத்து விடச் சொல்லி நானே மாட்டிக்குவேன். போர்டு போச்சுன்னாத்தானுங்க ரெண்டு நாளாகும்." சொல்லிக்கொண்டே மெமரியைக் கழற்றிக் காட்டி, மறுபடி சொருகினார். 'டக்'.

அதிகாரி குனிந்து பார்த்தார். "இதைக் கட்டினது யாரு?"

"நானுங்க."

அவர் நிமிர்ந்து, மூலையில் ஸ்க்ரூ டிரைவர் பையோடு நின்றிருந்த என்னைப் பார்த்தார். "அப்ப இவரு?"

பாவாயி ஒரு நொடி யோசித்தார். பொய் சொல்லவும் மனமில்லை, என்னை விட்டுக்கொடுக்கவும் மனமில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

"இவரு கட்டினதும் ஒண்ணு இருந்துச்சுங்க சார்" என்றார். "அது தாக்குப் பிடிக்கல."

அதிகாரி என்னைப் பார்த்தார். நான் ஆமாம் என்று தலையாட்டினேன். அவர் பேனாவை எடுத்து, பாவாயியிடம் பெயருக்கு முன்னால் என்ன எழுத்து என்று கேட்டு அனுமதிப் படிவத்தில் எழுதிக்கொண்டார்.